பொன் வாசற்படி: ஆளுநர்கள் இருவரின் இல்லம்

வீட்டை ஈடாக வைத்துக் கடன் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் மதிப்பீட்டாளரின் அறிக்கை ஒன்று இணைக்கப்படுவதை எங்கள் வாடிக்கையாளர்கள் அறிவார்கள். அவ்வறிக்கையில் மனைக்கு ஒரு மதிப்பும் கட்டடத்திற்கு ஒரு மதிப்பும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். மனையின் மதிப்பு பெரும்பாலும் ஏறிக்கொண்டே செல்லும். கட்டடத்தின் மதிப்போ ஆண்டுதோறும் தேயும். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டுகள், இறுதியில் எஞ்சும் மதிப்பு 10 விழுக்காடு எனக் கொண்டால், ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு கழிந்துவிடும். அறுபது ஆண்டுகள் கடந்த வீட்டிற்கு, இடித்தால் கிடைக்கும் மரம், இரும்பு, கல் ஆகியவற்றின் விலைதான் மிஞ்சும். கடனுக்கு ஈடு என்ற நோக்கில் இக்கணக்கு சரியானதே. அதில் குறை சொல்வதற்கில்லை.

ஆயினும் இக்கணக்கை ஐதராபாத் நகரின் ஆபிட்ஸ் பகுதியில் உள்ள ஒரு வீட்டின்மீது வைத்துப் பார்க்கும்போது நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டாகிறது. நாம்பள்ளி ரயில் நிலையத்திற்குச் செல்லும் சாலையில், கடைகளும் தங்கும் விடுதிகளும் நெருங்கி நிற்கும் இடத்தில் அவ்வீடு உள்ளது. மனைக்கு மதிப்பீட்டாளர் எழுதும் தொகை பெருந்தொகையாக இருக்கும். நூறாண்டைக் கடந்த கட்டடத்திற்கு அவர் எழுதுவது அநேகமாகப் பூச்சியமே. அந்தப் பூச்சியத்திற்குள் விடுதலை இந்தியாவின் முதல் பெண் ஆளுநரும், மாநில ஆளுநராகப் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அவருடைய மகளும், ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் பிறப்பும் அடங்கியிருக்கின்றன.

வீட்டின் பெயர் 'கோல்டன் திரெஷோல்ட்'. தமிழில் 'பொன் வாசற்படி' எனலாம். கவிஞர் சரோஜினி நாயுடுவின் குடும்ப இல்லம் அது.

இவ்வீட்டின் கதை சரோஜினியிடமிருந்து தொடங்கவில்லை. அவருடைய தந்தையார் அகோரநாத் சட்டோபாத்யாயரிடமிருந்து தொடங்குகிறது. கிழக்கு வங்கத்தின் விக்ரம்பூர்ப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட அவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நிஜாமின் அழைப்பின்பேரில் ஐதராபாத்துக்கு வந்து, பிற்காலத்தில் நிஜாம் கல்லூரி என வளர்ந்த கல்லூரியை நிறுவி அதன் முதல்வராக விளங்கினார். வேதியியல் அறிஞராகிய அவர் இரசவாதத்திலும் தீராத ஆர்வம் கொண்டிருந்தார். ஈயத்தைப் பொன்னாக்கும் முயற்சியிலும் பிறருக்கு உதவுவதிலும் தம் பணம் முழுவதையும் செலவழித்தவர் என்று மகளே தம் தந்தையைப் பற்றி அன்பு கலந்த நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். எல்லாச் சமயத்து அறிஞர்களும், அரசர்களும், பிச்சைக்காரர்களும், ஞானிகளும், போக்கிரிகளும்கூட அவருடைய தோட்டத்தில் நாள்தோறும் கூடிப் பேசுவார்களாம். இத்தகைய வாடிக்கையாளர் ஒருவர் கடன் கேட்டு வந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது.

வங்கித் துறையினராகிய எங்களுக்கு அகோரநாதரின் வாழ்வில் இரசவாதத்தைக் காட்டிலும் முக்கியமாகத் தோன்றும் நிகழ்வு ஒன்று உண்டு. 1883-ஆம் ஆண்டில், நிஜாம் அரசின் சார்பில் சாந்தா வரை ரயில் பாதை அமைப்பதற்கான திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அதற்கான பணம் இலண்டனில் திரட்டப்படவிருந்தது. அத்திட்டத்தின் நிபந்தனைகள் யாவை, அதன் சுமை யார் தலையில் விழும் என்பன பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவற்றை வெளியிட வேண்டும், மக்கள் ஆராய்ந்து கருத்துச் சொல்ல இடமளிக்க வேண்டும் என்று அகோரநாதரும் முல்லா அப்துல் கய்யூம் முதலிய நண்பர்களும் குழு அமைத்துக் கேட்டனர். விளைவாக, அகோரநாதர் பதவியிலிருந்து விலக்கப்பட்டு ஐதராபாத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். பின்னர்தான் அவர் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டார். கடனின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்த பிறகே ஒப்ப வேண்டும் என்று கேட்டதற்காக நாடு கடத்தப்பட்டவர் என்ற முறையில், எங்கள் துறையின் நன்றிக்கு அவர் உரியவர். இன்றைக்குக் கடன் ஒப்பந்தத்தின் ஒரு படியையும், முக்கிய நிபந்தனைகளைச் சுருக்கிக் கூறும் அறிக்கையையும் வாடிக்கையாளரிடம் கொடுப்பது வங்கியின் கடமை. அதைப் படிக்காமலே பலர் பைக்குள் வைத்துக்கொள்வதையும் நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

அகோரநாதர், வரதசுந்தரி தேவி இணையருக்கு எட்டு மக்கள். மூத்தவரான சரோஜினி 1879 பிப்ரவரி 13 அன்று ஐதராபாத்தில் பிறந்தார். தாயாரும் வங்க மொழியில் பாடல் எழுதியவர். தம்பியருள் வீரேந்திரநாதர் வெளிநாட்டிலிருந்து இந்திய விடுதலைக்காகப் பாடுபட்ட புரட்சியாளர். ஹரீந்திரநாதர் கவிஞர், நடிகர். 1952 தேர்தலில் விஜயவாடாவிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒரே வீட்டில் விஞ்ஞானியும், புரட்சியாளரும், நடிகரும், கவிஞரும் இருந்தால் உணவு நேரத்தில் எத்தகைய உரையாடல் நடந்திருக்கும்!

மகளைக் கணித அறிஞராகவோ விஞ்ஞானியாகவோ ஆக்கிவிட வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பதினொரு வயதில் இயற்கணிதக் கணக்கு ஒன்றுக்கு விடை வராமல் பெருமூச்செறிந்துகொண்டிருந்த வேளையில், விடைக்குப் பதிலாக ஒரு கவிதை முழுதாக மனத்தில் வந்து நின்றதாகச் சரோஜினி பின்னாளில் கூறியிருக்கிறார். ஆயினும் படிப்பில் அவர் குறை வைக்கவில்லை. அக்காலத்தில் ஐதராபாத் மாணவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளையே எழுதினர். நிஜாம் கல்லூரி 1947 வரை சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு வயதில் சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேசன் தேர்வில் சரோஜினி வெற்றி பெற்றார். மாகாணமெங்கும் அவருடைய பெயர் பரவியது. பின்னர் நிஜாம் அளித்த உதவித்தொகையுடன் 1895-இல் இங்கிலாந்து சென்று, இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியிலும் பயின்றார்.

சென்னைக்கும் இவ்வீட்டிற்கும் மற்றோர் இணைப்பும் உண்டு. 1898-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து திரும்பிய சரோஜினி, நிஜாமின் மருத்துவப் பணியில் இருந்த மருத்துவர் கோவிந்தராஜுலு நாயுடுவைச் சென்னையில் மணந்துகொண்டார். மணமகள் வங்காளப் பிராமணக் குடும்பத்தவர். மணமகன் வேறு சாதியைச் சேர்ந்த தெலுங்கர். 1872-ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட அத்திருமணத்தைச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் நடத்திவைத்தார். அத்தகைய திருமணத்திற்கு அந்நாளில் எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இல்லத்திற்குப் பெயர் வந்தது 1905-இல் வெளியான நூலிலிருந்து. சரோஜினியின் முதல் கவிதைத் தொகுதியை அவ்வாண்டில் இலண்டனில் ஹைன்மன் பதிப்பகம் வெளியிட்டது. ஆர்தர் சைமன்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் முன்னுரை எழுதினார். தந்தையின் இரசவாதத்தையும் தோட்டத்துக் கூட்டங்களையும் பற்றி மகள் எழுதிய சொற்கள் நமக்குக் கிடைப்பது அம்முன்னுரையின் வழியேதான். அத்தொகுதியின் தலைப்பே வீட்டின் பெயராயிற்று. நம் ஊர்களில் வீட்டிற்குத் தெய்வத்தின் பெயரையோ பெற்றோரின் பெயரையோ இடுவது வழக்கம். ஒரு கவிதை நூலின் பெயரைத் தாங்கி நிற்கும் வீடு அரிது. நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் கோலமிட்டு, அதை மிதிக்காமல் தாண்டிச் செல்லும் பழக்கமுடைய நமக்கு அப்பெயர் வேற்றுமொழியில் இருந்தாலும் அந்நியமாகத் தோன்றவில்லை.

1908 செப்டம்பர் 28 அன்று ஐதராபாத்தில் மூசி ஆறு பெருக்கெடுத்தது. நகரத்தின் வரலாற்றில் அதைப் போன்ற அழிவு வேறில்லை. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஆற்றங்கரைப் புளியமரம் ஒன்றில் ஏறிக்கொண்டவர்கள் உயிர் பிழைத்தனர். அம்மரம் இன்றும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் போற்றப்படுகிறது. அந்நாள்களில் துயர் துடைக்கும் பணியில் ஈடுபட்டதற்காகச் சரோஜினிக்கு ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின்னர் அப்பதக்கத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் அவருடைய வாழ்க்கை வீட்டைவிட்டு வெளியே நிகழ்ந்தது. 1925-இல் கான்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கி, அப்பொறுப்பேற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். 1930-இல் தாராசனா உப்புக் கிடங்கை நோக்கிச் சென்ற அறப்போரை வழிநடத்திச் சிறை புகுந்தார். இடையிடையே ஐதராபாத் திரும்பும்போது, தலைவர்களும் எழுத்தாளர்களும் நாடி வரும் இடமாகப் பொன் வாசற்படி விளங்கியது. காந்தியடிகளும் வந்திருக்கிறார். அவர் நட்டதாகச் சொல்லப்படும் மாமரத்தைப் பற்றி இன்றும் அங்குப் பேசுகிறார்கள்.

1947 ஆகஸ்டு 15 அன்று சரோஜினி நாயுடு ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தரகண்ட் ஆகியவற்றை உள்ளடக்கிய அம்மாகாணம் அன்று நாட்டின் பெரிய மாகாணங்களுள் ஒன்று. அதே நாளில் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றவர் நம் இராஜாஜி. அன்றைய நிலையில் விந்தையான செய்தி ஒன்றும் உண்டு. ஐதராபாத் அப்போது இந்திய ஒன்றியத்தில் சேரவில்லை. 1948 செப்டம்பரில்தான் சேர்ந்தது. ஆகவே இலக்னோவில் இந்திய ஆளுநராக அமர்ந்திருந்த அம்மையாரின் சொந்த வீடு, ஓராண்டுக்கும் மேலாக இந்தியாவுக்கு வெளியே இருந்தது!

ஆளுநர் மாளிகைக்கும் ஆளுநரின் வீட்டிற்கும் உள்ள வேறுபாட்டை இங்குச் சொல்லியாக வேண்டும். அரசமைப்பின் 158-ஆவது உறுப்பின்படி, ஆளுநர் வாடகையின்றி அரசு இல்லத்தைப் பயன்படுத்த உரிமையுடையவர். உரிமை பயன்படுத்துவதற்கு மட்டுமே. பதவி முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இலக்னோ ஆளுநர் மாளிகை நவாபுகள் காலத்துப் பெருமாளிகை. கொல்கத்தா ஆளுநர் மாளிகை வெல்லெஸ்லி பிரபு 1803-இல் கட்டி முடித்த பேரரண்மனை. அங்கெல்லாம் யார் யார் இருந்தார்கள் என்பதற்குச் சுவரில் பெயர்ப்பலகை இருக்கும். ஆனால் ஒருவர் எத்தகைய மனிதராக உருவானார் என்பதை அறிய அவர் வளர்ந்த வீட்டிற்குத்தான் செல்ல வேண்டும்.

சரோஜினி 1949 மார்ச் 2 அன்று, ஆளுநர் பொறுப்பில் இருக்கும்போதே இலக்னோவில் காலமானார்.

மகள் பத்மஜா 1900 நவம்பர் 17 அன்று பிறந்தவர். தாயைப் போலவே விடுதலைப் போரில் ஈடுபட்டு, 1942 இயக்கத்தில் சிறை சென்றார். 1956 நவம்பர் முதல் 1967 ஜூன் வரை மேற்கு வங்கத்தின் ஆளுநராகப் பணியாற்றினார். தாத்தாவின் முன்னோர் வாழ்ந்த வங்க மண்ணுக்குப் பேத்தி ஆளுநராகச் சென்றது குடும்பக் கதையின் அழகிய திருப்பம். தாயார் விட்டுச் சென்ற அச்சேறாத கவிதைகளைத் தொகுத்து 1961-இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. டார்ஜிலிங்கில் பனிச்சிறுத்தைகளுக்குப் புகழ்பெற்ற விலங்கியல் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. பத்மஜா மணம் புரிந்துகொள்ளவில்லை.

இனி, வீடு வீடாக இல்லாமற்போன கட்டத்திற்கு வருகிறோம்.

1969-இல் தெலங்கானாப் பகுதியிலும், 1972-இல் ஆந்திரப் பகுதியிலும் பெருங்கிளர்ச்சிகள் நடந்தன. வேலைவாய்ப்பும் கல்வி இடங்களும் யாருக்கு என்பதே இரண்டிலும் கேள்வி. 1973-இல் எட்டப்பட்ட ஆறு அம்ச உடன்பாட்டில், ஐதராபாத்தில் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்படும் என்பதும் ஓர் அம்சம். அதற்கென அரசமைப்பின் 32-ஆவது திருத்தத்தின் வழியே தனி உறுப்பே சேர்க்கப்பட்டது. நாடாளுமன்றச் சட்டத்தின்படி 1974 அக்டோபர் 2 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகம் தோன்றியது. சட்டம் வந்துவிட்டது, துணைவேந்தரும் நியமிக்கப்பட்டார், ஆனால் வகுப்பு நடத்தக் கட்டடமில்லை. நகருக்கு வெளியே கச்சிபவுலியில் ஒதுக்கப்பட்ட 2,300 ஏக்கர் அளவிலான நிலம் அந்நாளில் பாறையும் புதருமே.

அப்போது கதவு திறந்தது பொன் வாசற்படி. பத்மஜாவின் கொடையால் பல்கலைக்கழகம் இவ்வீட்டிலேயே தன் பணியைத் தொடங்கியது. வேதியியல் அறிஞர் வாழ்ந்த கூடங்கள் மீண்டும் அறிவியல் பேசின. அகோரநாதர் தோட்டத்தில் நடத்திய கூட்டத்திற்கும் பல்கலைக்கழக வகுப்பிற்கும் அதிக வேறுபாடு இல்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது, போக்கிரிகளை விலக்கிப் பார்த்தால்! பல்கலைக்கழகம் தோன்றிய ஏழு மாதங்களில், 1975 மே 2 அன்று, பத்மஜா மறைந்தார்.

கச்சிபவுலி வளாகம் வளர வளர, துறைகள் அங்கு இடம்பெயர்ந்தன. சரோஜினியின் பெயரைத் தாங்கிய கலை, தகவல் தொடர்புப் பள்ளி நெடுங்காலம் இவ்வீட்டில் இயங்கியது. பின்னர் நாடகப் பணிகளும் இங்கிருந்து நடந்தன. பயன்பாடு மாறிக்கொண்டே வந்தது; ஆனால் இடிப்பதற்கான தேவை எழவில்லை. உரிமை பிரிக்க முடியாத ஒரு கையில் இருந்ததே அதற்குக் காரணம் என்பது எங்கள் துணிபு.

இதை அனுபவத்திலிருந்து சொல்கிறோம். பழைய வீடுகளின் பத்திரங்கள் எங்கள் மேசைக்கு நாள்தோறும் வருகின்றன. தாத்தா பெயரில் பட்டா இருக்கும். தந்தை காலத்தில் பாகப்பிரிவினை வாய்மொழியாகவே நடந்திருக்கும். இப்போது பதினான்கு பங்குதாரர்கள், அவர்களுள் மூவர் வெளிநாட்டில், ஒருவர் இருக்குமிடம் தெரியாது. அத்தகைய வீட்டில் ஒருவர் ஓடு மாற்றக்கூடப் பணம் செலவிட முன்வர மாட்டார். அடுத்தவருக்கும் சேர்த்து நான் ஏன் செலவழிக்க வேண்டும் என்பதே எல்லார் மனத்திலும் நிற்கும் கேள்வி. ஒரு மழைக்காலம் ஒழுகும். மறு மழைக்காலம் உத்தரம் உளுக்கும். மூன்றாவது மழைக்காலத்திற்குள் கட்டுமான நிறுவனம் ஒன்று பதினான்கு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடும். பெரியோர் வாழ்ந்த வீடுகள் பலவும் இவ்வாறே மறைந்தன. எவரும் அழிக்க வேண்டும் என்று எண்ணி அழிக்கவில்லை.

தம் வீட்டை ஒரு பள்ளிக்கோ நூலகத்திற்கோ பொதுப்பணிக்கோ விட்டுச் செல்ல விரும்புவதாகக் கூறும் மூத்த வாடிக்கையாளர்களை நாங்கள் அவ்வப்போது சந்திக்கிறோம். அவர்கள் அனைவரும் ஆளுநர்களோ கவிஞர்களோ அல்லர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பிள்ளைகள் இல்லாத தம்பதியர், அயல்நாட்டில் குடியேறிவிட்ட மகனின் ஒப்புதலோடு வருபவர் எனப் பலர். அவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் கொடுத்ததைப் போல வீட்டிற்கும் கொடுத்துவிடலாமா என்பது. இயலாது. வங்கி வைப்பில் நியமனதாரர் என்பவர், வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்துத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதற்கான ஏற்பாடே. அந்த ஏற்பாடு வீட்டையும் மனையையும் தொடாது.

வீட்டிற்கு வழிகள் இரண்டு: தானம், உயில். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுப்பதற்குப் பத்திரம் எழுதி, கொடுப்பவர் ஒப்பமிட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டு, பதிவும் செய்ய வேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இக்கடைசி நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகின்றனர். வீட்டை வாங்கிக்கொள்ள எந்த நிறுவனமும் ஓடி வரும் என்று நினைப்பது தவறு. பழுதுபார்க்கும் செலவை எண்ணி நிறுவனங்கள் தயங்குவதுண்டு; ஆட்சிக்குழுவின் தீர்மானம் வர ஓராண்டுகூட ஆகலாம். ஆதலால் முதலில் பேசிவிட்டுப் பிறகு பத்திரம் எழுதுவதே முறை. தானம் நிறைவேறிவிட்டால், கொடுத்தவர் பின்னர் மனம் மாறி மீட்டுக்கொள்வது பொதுவாக இயலாது.

உயிலோ இறந்த பிறகே செயல்படும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அதற்கும் இரண்டு சாட்சிகள் தேவை. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்த உயில் காணாமற்போவதில்லை என்பதற்காகவே பதிவு செய்யச் சொல்கிறோம். வாழ்நாள் முழுதும் தாமே அவ்வீட்டில் இருக்க விரும்புவோருக்கு உயில் ஏற்றது. தம் கண்முன்னே வீடு பயன்படுவதைக் காண விரும்புவோருக்குத் தானம் ஏற்றது. எதுவாயினும் வழக்கறிஞரின் ஆலோசனை பெறாமல் எழுதவேண்டா. வரிச் சலுகையை எதிர்பார்த்து வருவோருக்கும் ஒரு சொல்: வருமான வரிச் சட்டத்தின் நன்கொடைக் கழிவு பணமாக அளிக்கும் நன்கொடைக்கே உரியது, வீட்டை அளித்தால் அக்கழிவு கிடைக்காது.

அந்த வீட்டின்மீது கடன் இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணை. வங்கியின் பிழையால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆயினும் கடனைத் தீர்த்துவிட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்க மறந்து ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுவோரும் உளர். தாய்ப்பத்திரம் கையில் இல்லாத வீட்டை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது.

கொடுப்பது எளிது, காப்பது கடினம். பழங்கால வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. அக்காரை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மை உடையது. வெடிப்பைக் கண்டதும் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, ஓரிரு ஆண்டுகளில் சுவர் பொரிந்து உதிரும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பழுதுபார்ப்பாலேயே பல கட்டடங்கள் கெடுகின்றன. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டனர். அவர்கள் கூலியும் கூடுதல். ஆகவே வீட்டோடு அதன் பராமரிப்புக்கென வைப்புத்தொகை ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது விவேகம். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் பராமரிப்புச் செலவு எனவும், வட்டி 6 விழுக்காடு எனவும் கொண்டால், 50 இலட்சம் ரூபாய் முதல் தேவை. விலைவாசி ஏறுவதை எண்ணினால் இன்னும் கூடுதல். இதைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. வீட்டையே கொடுக்கிறேன், பணமும் வேறா என்று. அவர்கள் கேட்பதும் நியாயமே. அப்போது அரசோ பொதுமக்களோ தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒசூருக்கு அருகே தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த எளிய வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாகப் பேணி வருவது அவ்வகையில் சேரும்.

பொன் வாசற்படியின் சுவர்களும் காலத்தின் தேய்மானத்திற்கு விலக்கானவை அல்ல. பயன்பாட்டில் இருக்கும் வீட்டிற்கு ஒரு நன்மை உண்டு: ஓட்டை விழுந்தால் யாராவது ஒருவர் அன்றே பார்ப்பார். பூட்டிய நினைவில்லத்தில் கரையான்தான் முதலில் பார்க்கும். இல்லத்தை வெறும் காட்சிப்பொருளாக்காமல் மாணவர்கள் நடமாடும் இடமாக்கியதால் விளைந்த இந்நன்மையை, பத்மஜா எண்ணியிருந்தாரோ இல்லையோ, வீடு அடைந்திருக்கிறது.

ஐதராபாத் செல்லும் வாடிக்கையாளர்கள் சார்மினாரையும் கோல்கொண்டாவையும் கண்டு திரும்புவார்கள். நாம்பள்ளி ரயில் நிலையத்தில் இறங்குவோருக்கு இவ்வீடு நடந்து செல்லும் தொலைவே. இது அருங்காட்சியகம் அன்று, பல்கலைக்கழகத்தின் இடம். ஆதலால் முன்னதாகப் பல்கலைக்கழக அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு செல்வது நல்லது. காலை வேளையில் சென்றால் ஆபிட்ஸ் கடைகள் திறப்பதற்கு முன் தெரு அமைதியாக இருக்கும். வாயிலில் நின்று பெயரைப் படித்துவிட்டு, மரங்களைப் பார்த்துவிட்டு வரலாம்.